நீல மூடிக் குழாயும் ஐந்து லிட்டர் கேனும்

என் கணவர் கிருஷ்ணகிரி அருகே மாங்கூழ் ஆலையில் வேலை செய்கிறார். பெங்களூரா மாம்பழம் வந்து குவியும் மாதங்களில் நாள் முழுவதும் கொதிகலன் சூட்டில் நிற்பார். சட்டை பிழியும் அளவுக்கு வியர்க்கும், தண்ணீர் குடிக்கத்தான் நேரம் இருக்காது. மூன்றாவது முறை சிறுநீரகக் கல் வந்தபோது, கல் உருவாவதைத் தடுக்க உதவும் சிட்ரேட் என்ற பொருளின் அளவைப் பார்க்கும்படி மருத்துவர் எழுதிக்கொடுத்தார்.

ஆய்வகத்தில் சீட்டில் இருந்த ‘சிட்ரேட்’ என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு, நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தார்கள். நான்கு நாள் கழித்து, சோதிக்க இயலாது என்று பதில் வந்தது. அந்தக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க சோடியம் சிட்ரேட்டை முன்பே ஊற்றி வைத்திருப்பார்களாம். அதில் எடுத்த ரத்தத்தில் சிட்ரேட்டை எப்படி அளப்பது? அந்த நான்கு நாளும், கூழில் சேர்க்கும் சிட்ரிக் அமிலம் உடம்பில் ஏறிவிட்டதோ என்று அவர் சரியாகத் தூங்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

மருத்துவர் கேட்டது 24 மணி நேரச் சிறுநீர். ரத்தத்தில் சிட்ரேட் சரியாக இருந்தாலும், சிறுநீரகம் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டால் சிறுநீரில் குறைந்துவிடும் என்றார். சிறுநீரில் அது போதிய அளவு இருந்தால் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம், சிறுநீரில் உள்ள ஆக்சலேட் என்ற பொருளோடு சேர்ந்து கல்லாவது குறையும். நாளுக்கு 320 மில்லிகிராமுக்குக் கீழே போனால் குறைவு என்று கொள்கிறார்கள். இவருக்கு 190. இப்போது பொட்டாசியம் சிட்ரேட் சாப்பிடுகிறார். சிறுநீர் நாளுக்கு இரண்டரை லிட்டர் வரும்படி தண்ணீர் குடிக்கிறார். வேலைக்குப் போகும்போது பெரிய பாட்டில் ஒன்றை நானே கையில் கொடுத்தனுப்புகிறேன்.

சீட்டில் ‘சிறுநீர்’ என்று இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள்.

—

பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன், அக்கா. என் அம்மாவுக்கும் இதே சோதனைதான். காலையில் முதலில் போவதை விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் அதே நேரத்தில் போவது வரை ஒரு துளி விடாமல் கேனில் சேர்க்க வேண்டும். அம்மா இரவில் தூக்கக் கலக்கத்தில் இரண்டு முறை வெளியே போய்விட்டு, கூச்சப்பட்டுச் சொல்லவில்லை. நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் சிறுநீரில் வெளியேறும் கழிவான கிரியாட்டினின், அதே சிறுநீரில் பார்த்தபோது மிகக் குறைவாக இருந்ததால், சேகரிப்பு முழுமையில்லை என்று ஆய்வகத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டாவது முறை இரவு முழுவதும் நான் அம்மா பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன்.