மேட்டுல இருக்கற தனியார் மண் அணையில கசிவு, யார்கிட்ட சொல்றது?

வணக்கம் நண்பர்களே, அவசரமா ஒரு உதவி வேணும். எங்க வீடுகளுக்கு மேட்டுப்பக்கம் ஒருத்தர் தன் சொந்த நிலத்துல மண் கரை போட்டு தண்ணி தேக்கியிருக்கார், உயரம் ரெண்டு ஆளுக்கு மேல இருக்கும். கரையோட வெளிப்பக்க அடியில முன்னாடி வெறும் ஈரம்தான், இப்ப மழை ஆரம்பிச்சதுல இருந்து தண்ணி ஓடவே செய்யுது, அதுவும் கலங்கலா. தெளிஞ்ச தண்ணின்னா கூட கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம், கலங்கலா வருதுன்னா உள்ள இருக்கற மண்ணையே அரிச்சு எடுத்துட்டு வருதுன்னுதானே அர்த்தம்? கரை மேல பெரிய பெரிய மரம் வேற. மிச்சத் தண்ணி வழிஞ்சு வெளிய போற கலிங்குல மீன் தப்பாம இருக்க வலை கட்டியிருக்கார், அதுல செத்தை சேர்ந்து பாதி அடைச்சு கிடக்கு, தண்ணி கரை மேல ஏறி வழிஞ்சா மண் அணை தாங்காதுங்க.

பேசிப் பாத்தோம், "சின்ன அணைதானே"ங்கறார். 1977ல அமெரிக்காவுல டொக்கோவா ஃபால்ஸ்ல ராத்திரி உடைஞ்சு 39 பேர் செத்தாங்களே, அதுவும் தனியார் மண் அணைதான். 2018ல கென்யாவுல சோலாய்லயும் அப்படித்தான், 40 பேருக்கு மேல போயிட்டாங்க.

பல நாட்டுல உயரமும் கொள்ளளவும் ஒரு அளவுக்கு மேல இருந்தாத்தான் அணை பாதுகாப்புச் சட்டமே பொருந்துது, இந்த மாதிரி சின்னதை யாரும் எட்டிப் பாக்கறதில்ல. இதுல அனுபவம் உள்ள இன்ஜினியர், வக்கீல் யாராவது இருந்தா சொல்லுங்க: புகாரை நீர்வளத் துறைக்குக் கொடுக்கறதா, பேரிடர் துறைக்கா? நேர்ல வந்து பாக்க வைக்க என்ன எழுதணும்? அதுவரைக்கும் தண்ணி மட்டத்தை மெதுவா இறக்கச் சொல்றது சரிதானா? போட்டோ, வீடியோ தேதியோட இருக்கு, கேட்டா அனுப்பறேன்.