குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தினால் யாருக்கு வேலை போகும்?

கிடங்குப் பெண் கேட்கிறார்:
வணக்கம். நான் ஒரு கிடங்கில் மணிக்கூலிக்குப் பெட்டி கட்டுகிறேன். என் தம்பி ஆறு பேரை வைத்துச் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறான். குறைந்தபட்ச ஊதியத்தை ஏற்றப் போவதாகப் பேச்சு அடிபட்டதிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை. "ஏத்தினா ஒருத்தரை அனுப்பத்தான் வேணும்க்கா" என்கிறான். பல வருஷமாக ஒரே கூலி வாங்கும் எனக்கு அதைக் கேட்டாலே வயிறு எரிகிறது. அவன் கணக்கிலும் பொய் இல்லை. தாள், மை, வாடகை எல்லாவற்றையும் கூடவே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஏற்றிய இடங்களில் உண்மையில் என்னதான் நடந்தது?

பொருளியல் மாணவன்:
அக்கா, எல்லாரும் முதலில் எடுப்பது அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலக் கதையைத்தான். 1992 ஏப்ரலில் அங்கே மணிக்கு 4.25 டாலராக இருந்ததை 5.05 ஆக்கினார்கள். பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் பழையபடியே விட்டார்கள். டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் இரு பக்கமும் நானூற்றுச் சொச்சம் துரித உணவுக் கடைகளில் முன்னும் பின்னும் ஆள் கணக்கு எடுத்துப் பார்த்தார்கள். கூலி ஏறிய பக்கம் ஆள் குறையவில்லை. நியூமார்க், வாஷர் என்ற வேறு இரு பொருளியலாளர்கள் சம்பளப் பதிவேடுகளைக் காட்டி மறுத்தார்கள். அந்தச் சண்டை இன்னும் முழுசாக ஓயவில்லை. ஆனால் ஏற்றினால் ஆள் குறைந்தே தீரும் என்று முன்போல எல்லாரும் இப்போது அடித்துச் சொல்வதில்லை. வேலை கொடுப்பவர்கள் சிலரே இருக்கும் இடத்தில் கூலி ஏற்கெனவே அமுங்கிக் கிடக்கும். அங்கே ஓரளவு ஏற்றினால் தாங்கும். எந்த அளவு என்பதில்தான் தகராறு.

சிறுதொழில்காரர்:
பெரிய கம்பெனி விலையைக் கொஞ்சம் கூட்டிச் சமாளித்துவிடும். உங்கள் தம்பியைப் போன்றவர் வருஷத்துக்கு ஒரு விலை பேசி ஆர்டர் பிடித்திருப்பார். நடுவில் கூலி ஏறினால் யாரிடம் போய்க் கேட்பார்? ஜெர்மனியில் 2015இல் நாடு முழுவதற்கும் மணிக்கு 8.50 யூரோ என்று வைத்தபோது மொத்த வேலை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் குறைந்த கூலிக்காரர்கள் சின்ன இடங்களை விட்டு, கூடுதல் சம்பளம் தரும் பெரிய இடங்களுக்கு மாறினார்கள் என்று ஆய்வு சொல்கிறது. தொழிலாளிக்கு நல்லதுதான். சின்ன முதலாளிக்கு? ஏற்ற வேண்டாம் என்று சொல்லவில்லை, முன்கூட்டியே தேதி சொல்லிப் படிப்படியாக ஏற்றட்டும்.

சம்பளக் கணக்கர்:
தங்கச்சி, வெகுகாலமாகச் சம்பளப் பட்டியல் எழுதுகிறவன் நான். ஆள் போனதா இல்லையா என்றே எல்லாரும் கேட்கிறார்கள். நான் பார்த்தது வேறு. முன்பு நான் இருந்த இடத்தில் கூலி ஏறிய மாசம் ஒருவரையும் நிறுத்தவில்லை. ஷிப்டை அரை மணி குறைத்தார்கள். அந்த அரை மணியில் செய்துவந்த கழுவித் துடைக்கும் வேலையோ குறையவில்லை. வேலை முடிந்த நேரத்தைக் கார்டில் பதிந்துவிட்டு, வெளியேறும் முன் அதைச் செய்யச் சொன்னார்கள். அப்புறம் சீருடைக்கு என்று புதுசாக ஒரு பிடித்தம். பட்டியலில் மணிக்கூலி சட்டப்படி சுத்தமாக இருந்தது. கடைசிக் கட்டத்தில் 'கையில் பெறுவது' என்ற தொகை மட்டும் போன மாசத்தை ஒட்டியே நின்றது. வாங்கியவர்கள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த வாரம் ஷிப்டே கிடைக்காது என்று தெரியும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016இல் மணிக்கு 13 டாலர் வரை போனபோது, அங்கேயே உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று குறைந்த கூலிக்காரர்களின் வேலை மணிகள் குறைந்ததாகச் சொன்னது. அதை மறுத்தவர்களும் உண்டு. படித்ததும் எனக்கு அந்த அரை மணிதான் ஞாபகம் வந்தது.

ஆகவே ஏற்றத்தான் வேண்டும் என்பதே என் கட்சி. ஏற்றாமல் விட்டாலும் கூலி நின்ற இடத்தில் நிற்பதில்லை, விலைவாசி அதைத் தின்றுகொண்டே இருக்கும். அமெரிக்க மத்திய அரசு வைத்த குறைந்தபட்ச மணிக்கூலி 7.25 டாலர் 2009இலிருந்து அசையவே இல்லை; அதை வைத்து அன்றைக்கு வாங்கியதை இன்று வாங்க முடியாது. ஏற்றும்போதே மணிக் கணக்கையும் பிடித்தத்தையும் சரிபார்க்க ஆள் போடாவிட்டால் பாதி உயர்வு பட்டியலோடு நின்றுவிடும். நேர்மையாகக் கொடுக்கும் உங்கள் தம்பி, ஏமாற்றிக் கொடுப்பவனோடு விலையில் போட்டி போட வேண்டிவரும். அவரை நசுக்குவது அதுதான்.

கிடங்குப் பெண்:
அண்ணா, போட்டிக்காரர்கள் பாதி விலைக்கு அடித்துக் கொடுக்கிறார்கள் என்று தம்பியும் அடிக்கடி புலம்புவான். நான் அதைக் கூலியோடு சேர்த்து யோசித்ததே இல்லை. எங்கள் கிடங்கிலும் உள்ளே நுழையச் சோதனைக்கு வரிசையில் நிற்கிற நேரம் கணக்கில் வராது. இதற்கு நான் என்ன செய்யலாம்?

சம்பளக் கணக்கர்:
வந்த நேரம், வேலை தொடங்கிய நேரம், விட்ட நேரம் மூன்றையும் தினமும் உங்கள் கையால் ஒரு நோட்டில் எழுதுங்கள். கூட வேலை செய்பவர்கள் இரண்டு பேரையாவது எழுதச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டு ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். சங்கத்துக்குப் போனாலும் தொழிலாளர் அதிகாரியிடம் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.