ஹவாய் பாலினேசியக் கலாசார மையம்: சைவக்காரர்களுக்கு விருந்துச் சீட்டு எடுக்கலாமா?

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அப்பா அம்மாவை ஹவாயின் ஓவாஹு தீவுக்கு அழைத்துப் போகிறேன். லாயியே ஊரில் 1963 முதல் நடக்கும் பாலினேசியக் கலாசார மையத்துக்கு ஒரு முழு நாள். சமோவா, டோங்கா, ஃபிஜி, தஹிதி, மாவோரி, ஹவாய் எனப் பசிபிக் தீவு மக்களின் வாழ்க்கையைக் காட்டும் ஆறு மாதிரிக் கிராமங்கள் உள்ளே உண்டு. பக்கத்துப் பல்கலைக்கழக மாணவர்கள் பலர் அங்கே வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறார்கள். அதனாலேயே எனக்கு அந்த இடத்தின் மேல் தனி மதிப்பு.

குழப்பம் லூவாவ் விருந்தில்தான். குழி தோண்டி, சூடேற்றிய கற்களின் மேல் முழுப் பன்றியை வைத்து மூடி வேக வைப்பதே அதன் சிறப்பு. அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். சேப்பங்கிழங்கை மசித்துச் செய்யும் ‘போய்’ என்ற கூழ், சோறு, பழம் தவிர வயிறு நிறைய வேறென்ன கிடைக்கும்? விருந்து வேண்டாம் என்று கிராமங்களுக்கும் இரவு நிகழ்ச்சிக்கும் மட்டும் சீட்டு எடுத்தால், வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக விடுவார்களா?

அப்புறம், அப்பாவுக்கு முழங்கால் வலி. உள்ளே ஓடும் படகில் ஏறி இறங்குவது கஷ்டமா? நிகழ்ச்சி முடிந்து ஹொனலுலுவின் கடற்கரைப் பகுதியான வைகிக்கிக்குத் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த இருட்டில் நானே காரை ஓட்டுவதா, பேருந்தோடு சேர்ந்த சீட்டு எடுப்பதா? ஞாயிறு மூடியிருப்பார்கள் என்பதால் சனிக்கிழமை போக எண்ணம். பெரியவர்களுடன் போய் வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.