புதுப்பிப்பு: உச்சியில் மஞ்சளான எல்ம் மரம், காரணம் கிடைத்தது

போன ஜூனில், ரொறன்ரோவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் நிற்கும் இளம் எல்ம் மரத்தின் உச்சிக் கிளையில் இலைகள் மஞ்சளாகிச் சுருள்வதாகக் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

எல்ம் மரத்தையே கொன்றுவிடும் பூஞ்சை நோயான டச்சு எல்ம் நோயோ என்றுதான் பயந்தேன். நீங்கள் சொன்னபடி வாடிய கிளையின் பட்டையைச் சீவிப் பார்த்தேன். அந்த நோய்க்குரிய பழுப்புக் கோடுகள் இல்லை.

"அடிமண்ணை விலக்கி வேரைப் பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. மரம் நாலு அங்குலம் அதிக ஆழத்தில் நடப்பட்டிருந்தது. பெருவிரல் தடிப்பில் ஒரு வேர் தண்டைச் சுற்றி இறுக்கியதில் பட்டையில் பள்ளமே விழுந்திருந்தது. தொட்டியில் வளர்ந்த கன்று, வேர் அங்கேயே சுருண்டிருக்க வேண்டும். அக்டோபரில் உளியால் அந்த வேரைத் துண்டித்து, வேர் விரியும் இடம் தெரியும்வரை மண்ணை எடுத்தேன். காய்ந்த கிளையை ஜனவரியில்தான் வெட்டினேன். கோடையில் வெட்டினால் புதுக் காயத்தின் வாசனை நோய் பரப்பும் பட்டை வண்டுகளை இழுத்துவிடும்.

இந்த மே மாதம் உச்சிவரை பச்சை! எதிர்பாராதது ஒன்று: தண்டின் அடியில் துளிர்கள் கூட்டமாக வந்திருக்கின்றன. அவற்றையும் குளிர்காலம் வந்த பிறகே வெட்டுவேன்.