நாலாம் நம்பர் மெயின் பேரிங் மட்டும் சூடு கூட: பொங்கல் வரை ஓட்டலாமா?

குடிகாடு_பி_ஷிஃப்ட்
வணக்கம். கடலூர் சிப்காட்டில் ஒரு ஆலையின் பவர் ஹவுஸில் வேலை. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்ஜின், 750 ஆர்பிஎம். ஆடி மாதம் வரை, கிராங்க் ஷாஃப்டைத் தாங்குகிற ஏழு மெயின் பேரிங்கும் 78, 79 டிகிரியில்தான் நிற்கும். இப்போது நாலாம் நம்பர் மட்டும் 85. ஆயில் சாம்பிளில் ஈயம் 4 பிபிஎம்மிலிருந்து 19 ஆகியிருக்கிறது, வெள்ளீயம் 1லிருந்து 6. தாமிரம் ஏறவில்லை. மேலே சொன்னால், "அலாரம் 95இல்தானே, பொங்கல் ஷட்டவுனில் பார்க்கலாம்" என்கிறார்கள். ராத்திரி ஷிஃப்டில் அதன் பக்கத்தில் நிற்கவே மனசு ஒப்பவில்லை. நான் வீணாகப் பயப்படுகிறேனா?

வில்லியனூர்_இன்ஸ்ட்ருமென்ட்
முதலில் சென்சாரைப் பாருங்கள் அண்ணா. அடுத்த முறை எஞ்ஜின் நிற்கும்போது மூன்றாம் நம்பர் சென்சாரையும் நாலாம் நம்பர் சென்சாரையும் மாற்றிப் போடுங்கள். சூடு மூன்றுக்குப் போனால் சென்சார் கோளாறு. நாலிலேயே நின்றால் பேரிங்தான்.

முத்தியால்பேட்டை_சீஃப்
தம்பி, உன் பயம் வீண் இல்லை. நான் 22 வருஷம் கப்பலில் ஓடிவிட்டு, அப்புறம் கரையில் பவர் ஹவுஸ் பார்த்தவன்.

சென்சார் பொய் சொல்லலாம், ஆயிலும் சேர்ந்து பொய் சொல்லாது. இந்த வகை பேரிங் ஷெல்லில், அதாவது ஷாஃப்டைத் தாங்கும் அரை வட்டத் தகட்டில், மேல் பூச்சு ஈயமும் வெள்ளீயமும், அதன் கீழே தாமிரக் கலவை, அதற்கும் கீழே இரும்பு. இப்போது பூச்சு கரைகிறது. தாமிரம் ஏறாத வரை உனக்கு நேரம் இருக்கிறது, ஆனால் அது பொங்கல் வரை நீளும் என்று நினைக்காதே. அலாரம் 95 என்பது எஞ்ஜின் சாகப் போகும்போது அடிக்கிற மணி. நீ பார்க்க வேண்டியது பக்கத்துப் பேரிங்குகளையும், அது ஆடியில் இருந்த நிலையையும். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்கு அப்புறம் கரண்ட் இல்லாமல், நான் இருந்த இடத்தில் ஒரு எஞ்ஜினை இரவு பகலாக ஓட்டினோம். ஒரு பேரிங் 5 டிகிரி கூடக் காட்டியது. லாக் புக்கில் என் கையெழுத்திலேயே எழுதி வைத்தேன், நிறுத்தச் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் பேரிங் ஷாஃப்டோடு இறுகிப் பிடித்துக்கொண்டது. கிராங்க் ஷாஃப்டை அங்கேயே வைத்துச் சாணை பிடிக்க மூன்று மாதம்.

ஒன்று மட்டும் மறக்காதே. பேரிங் காய்ந்தால் ஆயில் ஆவியாகி, குளிர்ந்து, வெள்ளைப் புகை மாதிரி, ஷாஃப்ட் சுற்றுகிற கிராங்க் கேஸில் நிறையும். 1947இல் ரெய்னா டெல் பசிபிகோ கப்பலில் ஒரு பிஸ்டன் சூடாகி அந்தப் புகை பற்றிக்கொண்டு 28 பேர் செத்தார்கள். அதனால் சூடு திடீரென்று ஏறினால், நிறுத்திவிட்டு உடனே கிராங்க் கேஸ் கதவைத் திறக்காதே. உள்ளே காற்று போனால் வெடிக்கும். 20 நிமிஷமாவது ஆறட்டும். வெடித்தால் அழுத்தம் வெளியேறும் ரிலீஃப் வால்வுக்கு நேரே யாரும் நிற்க வேண்டாம்.

போன மழையில் பவர் ஹவுஸில் தண்ணீர் நின்றதா?

குடிகாடு_பி_ஷிஃப்ட்
நின்றது ஐயா. கேபிள் டிரெஞ்ச் முழுக்க, நாலு நாள்.

முத்தியால்பேட்டை_சீஃப்
அப்படியானால் ஷெல்லை மட்டும் மாற்றிவிட்டு மூடாதே. அடித்தளம் ஒரு நூல் இறங்கினாலும் ஷாஃப்ட் வளையும். டயல் கேஜ் வைத்து டிஃப்ளெக்ஷன் எடு, அதாவது ஷாஃப்டைச் சுற்றும்போது அது எவ்வளவு வளைகிறது என்ற அளவு. கீழே கனெக்டிங் ராடு மறிக்கும், அதனால் ஒரு சுற்றில் ஐந்து இடத்தில் அளவு எடு. எஞ்ஜின் வந்த புதிதில் எடுத்த ஷீட் குளிர்ந்த நிலையில் எடுத்ததா, சூட்டில் எடுத்ததா என்று பார்த்து, நீயும் அதே நிலையில் எடு. இரண்டு ஷீட்டையும் மேனேஜர் மேசையில் வை. வாயால் சொன்னதைத் தள்ளிப் போட்டவர்கள் அளவைப் பார்த்தால் யோசிப்பார்கள்.

குடிகாடு_பி_ஷிஃப்ட்
ஐயா, வியாழக்கிழமை நிறுத்திவிட்டோம். சென்சாரை மாற்றிப் போட்டும் சூடு நாலிலேயே நின்றது. கீழ் ஷெல்லை எடுத்தபோது ஒரு ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குப் பூச்சு போய்ப் பளபளவென்று இருந்தது. நாலாம் சிலிண்டர் டிஃப்ளெக்ஷன் பழைய ஷீட்டைவிட இரண்டு மடங்கு. அந்தப் பக்கம் ஒரு அடித்தள போல்ட் கையாலேயே சுற்றியது. ஷாஃப்டை நகத்தால் தடவிப் பார்த்தேன், கீறல் எங்கும் தட்டவில்லை. புது ஷெல் திங்கட்கிழமை வருகிறது, அதுவரை அடித்தள வேலை.