ஓடிவிட்டு வந்தால் பசிக்காதா?

காலை 7:42

அம்மா: இன்றைக்கும் இவன் சாப்பிடவில்லை. நாய் துரத்தின மாதிரி ஓடிவிட்டு வந்து, தட்டைத் தள்ளி வைத்துவிட்டான். யாராவது கேளுங்கள்.

அண்ணன்: அம்மா, நான் பக்கத்து அறையில்தான் இருக்கிறேன். இதைக் குழுவில் போட வேண்டுமா?

அம்மா: நேரில் சொன்னால் காதில் எதையோ மாட்டிக்கொள்கிறாய்.

சித்தி: உடம்புக்கு ஏதாவது இருக்கப் போகிறது அக்கா. ஓடினால் பசி வயிற்றைக் கிள்ளத்தானே வேண்டும்?

அக்கா: பயப்பட ஒன்றும் இல்லை சித்தி. மூச்சு இரைக்க ஓடினால் உடனே பசிக்காது. ரத்தம் பெரும்பாலும் தசைக்கும் தோலுக்கும் போய்விடுவதால் வயிற்றுக்குப் போவது குறையும். அதோடு, இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்கிற பசி ஹார்மோனும் இறங்கிவிடும். குடலிலிருந்து "போதும்" என்று சொல்ல வருகிற பிஒய்ஒய், ஜிஎல்பி-1 என்கிற இரண்டு ஹார்மோன்களும் ஏறும். ஒரு மணி நேரம் போல இப்படி இருக்கும். அப்புறம் பழையபடி ஆகிவிடும்.

சித்தப்பா: நான் தினமும் 40 நிமிடம் நடக்கிறேன். செருப்பைக் கழற்றும்போதே எனக்குப் பசிக்கிறதே?

சித்தி: நடக்காத நாளிலும் அதே நேரத்துக்குத்தான் பசிக்கிறது.

அக்கா: சித்தப்பா, நீங்கள் போனில் பேசிக்கொண்டே நடக்கிறீர்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க முடியாத வேகத்தில் போனால்தான் பசி அடங்குவது நன்றாகத் தெரியும். சும்மா நடந்தால் பசி அவ்வளவாக ஏறாது, குறையவும் குறையாது.

சித்தி: அப்படியென்றால் "இன்றைக்கு நடந்தேனே" என்று இரண்டாம் முறை போட்டுக்கொள்வது?

அக்கா: அது பசிக் கணக்கில் வராது சித்தி 😄 அந்த நடையில் செலவாவது ஏறக்குறைய 150 கலோரி. இரண்டாம் முறை போட்டுக்கொள்வதிலேயே அது திரும்பி வந்துவிடும்.

சித்தப்பா: அப்போது நடையை விட்டுவிடலாம் என்கிறாய்.

அக்கா: ஐயோ, இல்லை! 1956-ல் ஜீன் மேயர் என்பவர் மேற்கு வங்கத்தில் ஒரு சணல் ஆலைத் தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். நாள் முழுதும் உட்கார்ந்தே இருந்தவர்கள், கடினமான வேலை செய்தவர்கள் அளவுக்குச் சாப்பிட்டிருக்கிறார்கள். இருப்பதிலேயே குறைவாகச் சாப்பிட்டவர்கள் லேசான வேலை செய்தவர்கள்தான்.

சித்தி: உட்கார்ந்தே சாப்பிட்டவர்கள் பட்டியலில் உங்கள் சித்தப்பா பெயர் இருக்கிறதா பார்.

அண்ணன்: 😂😂

நான்: எனக்கு நீச்சல் முடித்து வந்தால் யானைப்பசி எடுக்கிறதே அக்கா?

அக்கா: தண்ணீர் குளிர்ச்சியாக இருக்குமே? ஒரே அளவு பயிற்சி செய்தாலும், வெதுவெதுப்பான நீரில் செய்தவர்களைவிடக் குளிர்ந்த நீரில் செய்தவர்கள் பிறகு அதிகமாகச் சாப்பிட்டதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். வெயிலில் ஓடினால் இதற்கு நேர்மாறு.

நான்: லாக்-ஃபே என்று ஒன்றைப் பற்றி எங்கோ படித்தேன். அதுவும் பசியை அடக்குவதுதானா?

அக்கா: ஆமாம். கடுமையாக ஓடும்போது தசையில் சேரும் லாக்டேட்டும், ஃபினைல்அலனைன் என்கிற அமினோ அமிலமும் சேர்ந்து உண்டாகிற பொருள் அது. 2022-ல் கண்டுபிடிப்பு வெளியானது. பருமனான எலிகளுக்கு ஊசியில் கொடுத்தபோது, அடுத்த 12 மணி நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் சாப்பிட்டன. மனிதர்களுக்கும் ரத்தத்தில் இது ஏறுகிறது, குறுகிய நேரம் முழு வேகத்தில் ஓடும்போதுதான் அதிகம். ஆனால் எலிக்குப் போட்ட ஊசியை வைத்து மனிதனுக்குக் கணக்குப் போட முடியாது.

இரவு 11:20

அம்மா: குளிர்சாதனப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் இவன், விளக்குகூடப் போடாமல் நின்று சாப்பிடுகிறான்.

அண்ணன்: காலையில் பசிக்கவில்லை, இப்போது பசிக்கிறது. இது தப்பா?

அக்கா: தப்பில்லைடா. ஆனால் இது தினமும் நடக்கிறது இல்லையா? பயிற்சி வாரக்கணக்கில் தொடர்ந்தால் பசி மெல்ல ஈடுகட்டப் பார்க்கும். சிலருக்கு முழுதாக, சிலருக்குக் கொஞ்சம்தான். அதனால்தான் ஒரே பயிற்சியில் ஒருவர் இளைக்கிறார், இன்னொருவர் அப்படியே இருக்கிறார். தொடர்ந்து பயிற்சி செய்கிறவர்களுக்கு ஒரு நல்லதும் உண்டு. ஒரு வேளை கனமாகச் சாப்பிட்டுவிட்டால், அடுத்த வேளை தானாகவே குறைத்துக்கொள்வது அவர்களுக்கு நன்றாக வருகிறது.

அண்ணன்: அப்படியென்றால் நான் சரியாகத்தான் இருக்கிறேன்.

அக்கா: முழுதாகக் கேள். உனக்குக் காலையில் பசிக்காவிட்டாலும் தசையில் சேமிப்பாக இருந்த சர்க்கரை, அதாவது கிளைகோஜன், செலவாகித்தான் இருக்கும். முதல் சில மணி நேரத்தில்தான் அது வேகமாக நிரம்பும். மறுநாளும் ஓடுகிறவன் பசி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. கொஞ்சமாவது சாப்பிடு, மென்று சாப்பிட முடியாவிட்டால் குடிக்கிற மாதிரி ஏதாவது. மாதக்கணக்கில் குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டே ஓடுகிறவர்களுக்கு எலும்பு பலவீனமாகலாம், பெண்களுக்கு மாதவிலக்கே நின்றுபோகலாம். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-ல் இதற்குத் தனிப் பெயரே வைத்தது.

சித்தப்பா: அண்ணி ஜெயித்துவிட்டார்கள்.

அம்மா: ஜெயிப்பதற்கா எழுதினேன் தம்பி. நாளைக்குத் தட்டை மூடி வைப்பேன். 9 மணிக்குள் காலியாகாவிட்டால் மறுபடியும் இங்கேதான் எழுதுவேன்.

அண்ணன்: 8:30-க்கே சாப்பிட்டுவிடுகிறேன். தயவுசெய்து குழுவில் போடாதீர்கள்.

சித்தி: போடுங்கள் அக்கா.