ஆர்லாண்டோவுக்கு ஆறு பேர்: இந்தச் செலவு தகுமா?

தென்பொதிகை (நியூஜெர்சி)

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலியிலிருந்து என் மாமனாரும் மாமியாரும் வந்திருக்கிறார்கள். ஆறு மாதம் எங்களுடன் இருப்பார்கள். எங்களுக்கு ஒன்பது வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பெண்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆறு பேருமாக ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோவை ஒட்டிய வால்ட் டிஸ்னி வேர்ல்டு பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குப் போய்வரலாம் என்று பேச்செடுத்தவன் நான்தான்; இப்போது பின்வாங்க வழி தேடுபவனும் நான்தான். விமானம், ஐந்து இரவுக்கு அறை, நான்கு நாள் நுழைவுச்சீட்டு, சாப்பாடு எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டிப் பார்த்தால் ஒன்பதாயிரம் டாலரைத் தாண்டுகிறது. அங்குள்ள மேஜிக் கிங்டம் பூங்காவின் ஒருநாள் சீட்டு 2025 கிறிஸ்துமஸ் வாரத்தில் 199 டாலர் வரை போனது. அந்தக் கணக்கில் ஆறு பேர் ஒரு நாள் வாசலைத் தாண்டுவதற்கே ஏறக்குறைய 1,200 டாலர் வேண்டும். மாமியார் அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு அன்று மாலை முழுவதும் பேசவில்லை.

இந்தச் செலவுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறதா, அல்லது மகளின் வகுப்பில் பாதிப் பேர் போய்வந்துவிட்டார்கள் என்பதற்காக நாமும் போகிறோமா என்பதே என் கேள்வி.

ஊர்சுற்றி (அட்லாண்டா)

தகாது. 1971 அக்டோபர் 1 அன்று அந்தப் பூங்கா திறக்கப்பட்டபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 3.50 டாலர். இன்றைய மதிப்பில் அது முப்பது டாலரைக்கூட எட்டாது. அதே வாசலுக்கு 2025இல் 199 டாலர் வரை கேட்டார்கள். நாங்கள் சென்ற ஆண்டு கிரேட் ஸ்மோக்கி மலைகளுக்குப் போனோம். அந்தத் தேசியப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. வண்டி நிறுத்த நாளுக்கு 5 டாலர் கொடுத்தால் போதும். என் பிள்ளைகள் இன்றும் அங்கே பார்த்த கரடியைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

வண்ணக்கிளி (டாலஸ்)

3.50 டாலர் கணக்கை எடுத்துக்காட்டுபவர்கள் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், ஊர்சுற்றி. அன்று அந்தப் பணம் வாசலுக்கு மட்டும்தான். உள்ளே ஒவ்வொரு சவாரிக்கும் ஏ முதல் இ வரை எழுத்திட்ட கூப்பன்களைத் தனியாக வாங்க வேண்டும். நம் ஊர்ப் பொருட்காட்சியில் நுழைவுச்சீட்டு ஒன்று, ராட்டினத்துக்குச் சீட்டு வேறு என்று இருப்பதைப் போலத்தான். மேலும், 1971இல் அங்கே இருந்தது ஒரே ஒரு பூங்கா. இன்று நான்கு பூங்காக்கள் இருக்கின்றன.

தென்பொதிகை ஐயா, நான் மூன்று முறை போய்வந்தவள். தகும் என்றே சொல்வேன். ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது ஆண்டிலேயே விலையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும் வாரம். 2018 முதல் அங்கே பலநாள் சீட்டின் விலையும் தேதிக்குத் தேதி மாறுகிறது. 2025இல் மிகக் குறைந்த ஒருநாள் சீட்டு, அனிமல் கிங்டம் பூங்காவுக்கானது, 119 டாலர். கிறிஸ்துமஸ் விலையைப் பார்த்துவிட்டு டிஸ்னியே தகாது என்பது, தீபாவளிக்கு முதல் நாள் பேருந்துக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு ஊருக்கே போகக்கூடாது என்பதைப் போன்றது.

இன்னொன்று. பூங்காவுக்குள் நம் சாப்பாட்டை எடுத்துச் செல்லலாம். கண்ணாடிப் பாத்திரமும், சூடாக்க வேண்டிய உணவும்தான் கூடாது. நாங்கள் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோய், மேஜிக் கிங்டத்தின் நடுவே நிற்கும் கோட்டை தெரியும் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். உணவுக் கடைகளில் கேட்டால் ஒரு கோப்பைக் குளிர்நீர் இலவசமாகவே தருவார்கள். உங்கள் ஒன்பதாயிரத்தில் சாப்பாட்டுக்கு எவ்வளவு போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

கணக்கர் (சிகாகோ)

வண்ணக்கிளி அம்மா சொன்ன கூப்பன் கணக்கு சரி. அப்படியானால் நேர்மையான ஒப்பீட்டை 1982இலிருந்து தொடங்குவோம். அந்த ஆண்டுதான் கூப்பன் முறை ஒழிந்து, எல்லாச் சவாரிக்கும் ஒரே சீட்டு என்றானது. எப்காட் பூங்கா திறக்கப்பட்டதும் அந்த ஆண்டு அக்டோபரில்தான். அப்போது ஒருநாள் சீட்டு 15 டாலர். விலைவாசி உயர்வைச் சேர்த்தால் இன்றைக்குச் சுமார் 50 டாலர். நீங்கள் குறிப்பிட்ட மலிவான நாளின் 119 டாலரே அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். உச்ச நாளில் நான்கு மடங்கு.

ஆனாலும் என் மனக்குறை விலையைப் பற்றியது மட்டுமன்று. விலையை ஏற்றிக்கொண்டே, முன்பு சீட்டுக்குள் அடங்கியிருந்தவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தனியாக விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வரிசையில் நிற்காமல் குறித்த நேரத்துக்கு வந்து ஏறிக்கொள்ளும் ஃபாஸ்ட்பாஸ் வசதி 1999இல் தொடங்கியபோது எல்லோருக்கும் இலவசம். 2020இல் பெருந்தொற்றுக்காகப் பூங்காவை மூடினார்கள். அதன்பின் அந்த வசதி திரும்பவே இல்லை. 2021 அக்டோபரில் அதே வசதி வேறு பெயருடன், ஆளுக்கு நாளொன்றுக்கு 15 டாலர் என்று வந்தது. இன்று அதன் பெயர் லைட்னிங் லேன். கூட்டமான நாளில் 30 டாலரைத் தாண்டுகிறது. இதற்கும் மேலே, எந்த நேரத்திலும் ஒவ்வொரு சவாரியிலும் ஒருமுறை முந்தி ஏறிக்கொள்ளும் உயர்வகைச் சீட்டை 2024 இறுதியில் விற்கத் தொடங்கினார்கள். அதன் உச்ச விலை ஆளுக்கு ஒருநாளைக்கு 449 டாலர், நுழைவுச்சீட்டு தனி. விமான நிலையத்திலிருந்து டிஸ்னி விடுதிகளுக்கு 2005 முதல் ஓடிய இலவசப் பேருந்தும் 2022 ஜனவரியோடு நின்றுபோனது.

நட்டம் தாங்க முடியாமல் இப்படிச் செய்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. டிஸ்னி நிறுவனத்தில் பூங்காக்களும் உல்லாசக் கப்பல்களும் அடங்கிய பிரிவு 2024 நிதியாண்டில் ஈட்டிய செயல்பாட்டு லாபம் 900 கோடி டாலருக்கும் மேல். நிறுவனத்தின் எல்லாப் பிரிவுகளின் லாபத்தையும் கூட்டினால், அதில் பாதிக்கும் மேற்பட்டது அது.

வண்ணக்கிளி (டாலஸ்)

லாபம் ஈட்டுவது குற்றமில்லையே. அந்த லைட்னிங் லேன் சீட்டை வாங்காமலும் போகலாம். நாங்கள் மூன்று முறையும் காலை வாசல் திறக்கும் முன்பே நின்று, முதல் இரண்டு மணி நேரத்தில் பெரிய சவாரிகளை முடித்துக்கொண்டு, மதியம் அறைக்குத் திரும்பிப் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, மாலையில் மறுபடி போனோம். ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்கவில்லை.

மேலும், விலையைக் குறைத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 199 டாலருக்கே திருவிழாக் கூட்டம் இருக்கிறது. 50 டாலர் என்றால் உள்ளே கால்வைக்க இடமிருக்குமா? அந்த விலைதான் வரிசையை ஓரளவாவது கட்டுக்குள் வைத்திருக்கிறது.

கணக்கர் (சிகாகோ)

கூட்டத்தைக் குறைப்பதற்காகத்தான் விலை என்றால், அந்த விலையைக் கொடுத்து உள்ளே வந்தவருக்கே கூட்டத்தைத் தாண்டிச் செல்ல இரண்டாவது சீட்டு ஏன் விற்க வேண்டும்? முதல் சீட்டு தன் வேலையைச் செய்திருந்தால் இரண்டாவதை வாங்க ஆளிருக்காது.

வாங்காதவருக்கு இழப்பில்லை என்பதும் சரியன்று. நம் கோயில்களில் சிறப்பு தரிசன வரிசை எப்படி நகர்கிறது என்பது அம்மாவுக்குத் தெரியாததன்று. சன்னிதியின் முன் ஒரு மணி நேரத்தில் நிற்கக்கூடியவர்கள் இத்தனை பேர்தான். சிறப்புச் சீட்டுக்காரர்கள் அதில் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறார்களோ, அவ்வளவு பொது தரிசன வரிசை நகராமல் நிற்கும். சவாரியும் அதேதான்: ஒரு மணிக்கு இத்தனை பெட்டிகள், ஒரு பெட்டியில் இத்தனை இருக்கைகள். இரண்டு வரிசைகள் சேரும் இடத்தில் நிற்கும் ஊழியர் பணம் கொடுத்தவர்களை அதிகமாகவும் மற்றவர்களைக் குறைவாகவும் விடுகிறார். ஆகவே, வாங்காதவரும் தன் நேரத்தில் அதற்கான விலையைக் கொடுக்கிறார்.

என் சொந்த அனுபவம் ஒன்று. அது வேறு மாநிலத்துப் பூங்கா, பெயர் வேண்டாம். ஒரு மணி ஐம்பது நிமிடம் பொது வரிசையில் நின்று, எங்களுக்கு முன்னால் பத்துப் பேர் இருக்கும்போது சவாரி பழுதாகிவிட்டது. என் மகன் அழவில்லை, என்னைத்தான் பார்த்தான். அந்தப் பார்வைக்குப் பிறகு நாங்கள் எந்தப் பூங்காவுக்கும் போகவில்லை.

வண்ணக்கிளி (டாலஸ்)

இலவச ஃபாஸ்ட்பாஸ் இருந்த காலத்திலும் பொது வரிசை இதே போலத்தான் தேங்கியது என்பதைக் கணக்கர் ஏன் சொல்லவில்லை? சேரும் இடத்து ஊழியர் அன்றும் அங்கேதான் நின்றார்.

கணக்கர் (சிகாகோ)

ஒப்புக்கொள்கிறேன், அன்றும் தேங்கியது. ஆனால் அன்று இரண்டு வரிசையிலும் நின்றவர்கள் ஒரே குடும்பத்தினர். காலையில் இதில் நின்றவர் மாலையில் அதில் போனார். இன்று அப்படியில்லை.

கீழைக்கடல் (டோக்கியோ)

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் இருக்கும் ஊரிலும் இதே கோட்டை இருக்கிறது. 1983இல் திறக்கப்பட்ட டோக்கியோ டிஸ்னிலேண்டை நடத்துவது ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம். டிஸ்னிக்கு உரிமத்தொகை மட்டும் போகிறது. இங்கே பெரியவர்களுக்கான ஒருநாள் சீட்டு 2023 அக்டோபர் முதல் உச்ச நாளில் 10,900 யென். டாலரில் 70ஐ ஒட்டி வரும். இங்கும் சில சவாரிகளுக்குப் பணம் கட்டி முந்தலாம், இங்கும் கூட்டம் உண்டு. ஆனால் அதே மிக்கி எலியைப் பார்க்க ஆர்லாண்டோவில் கொடுக்கும் பணத்தில் பாதிக்கும் குறைவாகவே நாங்கள் கொடுக்கிறோம். ஆகவே, இவ்வளவு விலை இல்லாமல் இப்படிப்பட்ட பூங்காவை நடத்த முடியாது என்ற வாதம் எனக்கு விளங்கவில்லை.

வண்ணக்கிளி (டாலஸ்)

நியூஜெர்சியிலிருந்து டோக்கியோவுக்கு ஆறு விமானச் சீட்டு வாங்கச் சொல்கிறீர்களா? :)

ஊர்சுற்றி (அட்லாண்டா)

சந்தை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு கேட்கிறார்கள், அவ்வளவுதான். தாங்காத இடத்தையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தார்கள். 2022 மார்ச்சில் விண்கப்பல் வடிவில், நூறு அறைகளுடன் கேலக்டிக் ஸ்டார்குரூசர் என்ற விடுதியை அங்கே திறந்தார்கள். நான்கு பேருக்கு இரண்டு இரவுக்கு ஏறக்குறைய 6,000 டாலர். 2023 செப்டம்பர் இறுதியில் மூடிவிட்டார்கள். தங்கியவர்களில் பலர் மனமாரப் புகழ்ந்தார்கள். மறுமுறை வரத்தான் ஆளில்லை.

தென்பொதிகை (நியூஜெர்சி)

எல்லோருக்கும் நன்றி. கிறிஸ்துமஸ் வாரம் வேண்டாம் என்பது தெளிவாகிவிட்டது. நவம்பர் முதல் வாரத்தில் இங்கே ஆசிரியர் மாநாட்டுக்காகப் பள்ளிகளுக்கு வியாழன், வெள்ளி விடுமுறை வருகிறது. அப்போது போகலாமா? பெரியவளுக்கு பிப்ரவரியில் பத்து வயது முடிகிறது. அதற்குப்பின் பெரியவர் சீட்டு வாங்க வேண்டும் என்பதால் அதற்குள் போய்வந்துவிட நினைக்கிறேன்.

வண்ணக்கிளி (டாலஸ்)

அந்த வாரம் மட்டும் வேண்டாம், ஐயா! அதற்கு அங்கே "ஜெர்சி வாரம்" என்றே பெயர். உங்கள் மாநிலத்துக் குடும்பங்களில் பாதி அந்த நான்கு நாளில் ஆர்லாண்டோவில்தான் இருக்கும். ஜனவரி மூன்றாம் திங்கள்கிழமை விடுமுறை கழிந்தபின் வரும் நாள்களைப் பாருங்கள். வெயிலும் இராது, மாமனார் மாமியாருக்கும் நடக்க எளிது. சக்கர நாற்காலி அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். பெரியவள் இரண்டு நாள் பள்ளியைத் தவறவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

சின்னவளின் உயரத்தை இப்போதே அளந்துகொள்ளுங்கள். செவன் ட்வார்ஃப்ஸ் மைன் டிரெயின் சவாரியில் ஏறக் குறைந்தது 38 அங்குலம், ஸ்பேஸ் மவுண்டன் சவாரிக்கு 44 அங்குலம் வேண்டும். ஏற முடியாத குழந்தையுடன் ஒருவர் வெளியே இருந்தால், மற்றவர் வந்தபின் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் மாறி ஏறிக்கொள்ளும் வசதி உண்டு. அதற்குக் கட்டணம் இல்லை, கணக்கர் கவனிக்க.

கணக்கர் (சிகாகோ)

கவனித்தேன். பத்து வயதுக் கணக்கைப் பற்றி ஒரு சொல்: குழந்தைச் சீட்டுக்கும் பெரியவர் சீட்டுக்கும் ஒருநாளைக்கு ஐந்து டாலர் அளவில்தான் வித்தியாசம். அதற்காக அவசரப்பட வேண்டாம். மூன்று வயது நிறையாத குழந்தைக்குத்தான் நுழைவு இலவசம். அந்த வயதை உங்கள் இளையவள் கடந்துவிட்டாள்.

போவதென்று முடிவானால் நான்கு நாளை இரண்டு நாளாக்குங்கள். பூங்காக்களிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வண்டியோட்டினால் கென்னடி விண்வெளி மையம் இருக்கிறது. நிலவுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன் 5 வகை ராக்கெட் ஒன்றை அங்கே படுக்கவைத்திருக்கிறார்கள். அதன் அடியில் நடந்து போகலாம். வரிசை இல்லை.

வண்ணக்கிளி (டாலஸ்)

இரண்டு நாள் போதும் என்பதில் கணக்கரும் நானும் ஒத்துப்போவோம் என்று நினைக்கவே இல்லை. நான்கு நாள் சீட்டு வாங்கினால் நாளொன்றுக்கான விலை குறையும் என்பார்கள். அந்த ஆசையில்தான் நாங்கள் முதல்முறை ஐந்து நாள் போய், நான்காம் நாள் எல்லோரும் ஒருவரோடொருவர் சண்டை போட்டுக்கொண்டோம்.

தென்பொதிகை (நியூஜெர்சி)

ஜனவரி கடைசி வாரத்துக்கு விமானச் சீட்டு எடுத்துவிட்டேன். பூங்கா இரண்டு நாள், ராக்கெட் ஒரு நாள், மூன்று இரவு அறை, புளிசாதம். மொத்தம் நாலாயிரத்து எழுநூறுக்குள் அடங்கும் போலிருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வருவதைப் பற்றி நாளிதழில் வரும் ஒரு வரியையும் விடாமல் படிக்கும் மாமனாருக்கு, கோட்டையைவிட ராக்கெட்டைப் பற்றிய பேச்சுதான்.

இளையவளை அளந்து பார்த்தோம்: 37 அங்குலம், கொஞ்சம் கூடுதல். அதுவரை பேசாமலிருந்த மாமியார், விஷயத்தைக் கேட்டதிலிருந்து காலையில் அவளுக்கு ஒரு முட்டையும் இரவில் ஒரு தம்ளர் பாலும் கட்டாயம் என்று ஆக்கிவிட்டார். சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் ஏறிக்கொண்டிருக்கின்றன.